உப்புத்தாள் போட்ட ஓவியம்

போன மாதம் ஒரு ஸ்டேஷனரி கடைக்குப் போனேன். ஓசூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான். கூட்டம் குறையட்டும் என்று வாசலில் நின்றேன். குறைந்தது. சரி என்று காலை எடுத்து வைத்தால், எனக்கு முன்னால் நாலு பேர் நுழைந்துவிட்டார்கள். திரும்பி வந்து, எதிர்ப் பக்கம் தள்ளுவண்டியில் வெள்ளரிப் பிஞ்சு என்ன விலை என்று கேட்டேன். வாங்கவில்லை.

என்னைப் போன்றவர்கள் உங்களிலும் இருப்பார்கள். கடையில் வேண்டியதைக் கேட்க வெட்கம். கேட்டது இல்லையென்றால் வெறுங்கையோடு திரும்பவும் வெட்கம். அதனால் வேண்டாத ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டு வருகிற ஆட்கள்... நாமெல்லாம் இல்லாவிட்டால் கடைக்காரர்கள் எப்படித்தான் பிழைப்பார்கள்?

ஒருவழியாக உள்ளே போய்விட்டேன். கவுண்டரில் ஓர் இளம்பெண்.

"என்ன வேணும்க்கா?"

"வரையறதுக்கு..."

"டிராயிங்கா, பெயின்டிங்கா?"

"ரெண்டும்..."

"வாட்டர் கலரா, போஸ்டர் கலரா, அக்ரிலிக்கா, கிரேயான்ஸா?"

ஓட்டலில் சர்வர் மூச்சு விடாமல் பட்டியல் சொல்லும்போது நான் எப்போதும் கடைசியாகச் சொன்னதைத்தான் கேட்பேன். எத்தனை நாள் அப்படி வேண்டாத ஊத்தப்பம் சாப்பிட்டிருக்கிறேன்! இங்கேயும் அதேதான்.

"கிரேயான்ஸ்..."

"பையன் எந்த கிளாஸ்?"

எனக்குப் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். பையன் இல்லை, என் வீட்டுக்காரருக்கு, அவருக்கு ஐம்பது தாண்டியாகிவிட்டது — இதைச் சொல்ல வாய் வரவில்லை.

"தேர்ட் ஸ்டாண்டர்டா?" என்று அவளே கேட்டாள்.

தலையை ஆட்டிவிட்டேன்.

ஒரு பெட்டி கொடுத்தாள். மூடியில் யானை ஒன்று தும்பிக்கையில் பிரஷைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. உள்ளே கிரேயான்ஸ், பொட்டு அளவில் வாட்டர் கலர் வில்லைகள், காது குடையலாம் போல ஒரு பிரஷ், ஒரு ஹெச்பி பென்சில், மிட்டாய் வாசனையோடு ஒரு ரப்பர். கூடவே ஒரு மெல்லிய டிராயிங் நோட்டு.

ஏன் இந்தப் பாடு என்று சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் பைக்குக்கு டேங்க் செய்கிற ஒரு கம்பெனியில் பெயின்ட் ஷாப் ஆள். டச்-அப் அவர் வேலை. பெயின்ட் அடித்து வருகிற டேங்க்கில் தூசி, வடிசல், கீறல் எது இருந்தாலும் கண்டுபிடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி அடித்து, பாலீஷ் போட்டு அனுப்ப வேண்டும். நமக்குக் கண்ணாடி மாதிரி தெரிகிற டேங்க்கில் அவருக்கு மட்டும் ஏதாவது தெரியும். என் கல்யாணப் புடவையிலேயே சாயம் ஓர் இடத்தில் திட்டாக இருக்கிறது என்று முதல் வாரமே சொன்ன மனிதர்.

மழைக்காலத்தில் அவருக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டோம். பேச்சு திரும்பியது. நடை திரும்பியது. வலது கை மட்டும் திரும்பவில்லை. அசையும், ஆனால் எதையும் பிடிக்காது. பிடித்தாலும் விட்டுவிடும்.

பிசியோதெரபி பார்க்கிற பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "ஆன்ட்டி, இந்தக் கொஞ்ச மாசம்தான் முக்கியம். இப்ப எவ்ளோ வேலை வாங்குறீங்களோ அவ்ளோதான் கை. சும்மா விட்டீங்கன்னா அப்படியே இறுகிடும். அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

அமுக்குவதற்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்தாள். இவர் அதைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டார். "மாவு பிசையற வேலையெல்லாம் என்னால ஆவாது" என்றார். டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். கம்பெனி ஆட்கள் பார்க்க வந்தால் வலது கையைத் துண்டுக்கு அடியில் வைத்துக்கொள்வார். வீட்டுக்கு வந்து திரும்பிப் போகாமல் உட்கார்ந்துவிட்ட, பிடிக்காத சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல அந்தக் கையைப் பார்ப்பார்.

"கலர் வேலை செஞ்சவர்தானே... டிராயிங், பெயின்டிங் ஏதாச்சும் கொடுத்துப் பாருங்களேன்" என்று அந்தப் பெண்தான் சொன்னாள். அதனால்தான் கடை. அதனால்தான் யானை.

பெட்டியை அவர் முன்னால் வைத்தேன்.

"இது யாருக்கு?"

"உங்களுக்குத்தாங்க."

"யானை போட்டிருக்குது."

"யானைக்குள்ள கலர் இருக்குதுங்க."

"இவளே... டேங்க்குக்குப் பெயின்ட் அடிச்ச ஆளு நான். என்னை இன்னாத்துக்கு எல்கேஜியில சேக்குற?"

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ரத்னம்மா கறிவேப்பிலையோடு வந்தாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள்; என் வீட்டுக்காரர் அவளுக்கு 'பாவா', அதாவது அக்கா புருஷன். எங்களோடு தமிழ், காய்கறிக்காரரோடு கன்னடம். கிண்டலுக்கு மட்டும் அவளுக்கு எல்லா பாஷையும் ஒன்றுதான்.

"ஏம் பாவா, ஸ்கூல்ல சேந்துட்டீங்களா? டீச்சர் அடிச்சா சொல்லுங்க, நான் வந்து கேக்குறேன்!"

அவர் மீசை அசைந்தது. சிரிப்பு என்று அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். நான் எழுதிக்கொள்கிறேன், சிரிப்புதான்.

ரத்னம்மா போனதும் பென்சிலை எடுத்தார். விரல்கள் அந்த ஒல்லிப் பென்சிலைச் சுற்றி மூடவே இல்லை. எப்படியோ இடுக்கி ஒரு கோடு இழுத்தார். கோடு கண்ணுக்கே தெரியவில்லை. தெரியட்டும் என்று அழுத்தினார், முனை உடைந்தது. சீவிக் கொடுத்தேன், மறுபடி உடைந்தது. பென்சிலை வைத்துவிட்டுத் துண்டை இழுத்துக் கையை மூடிக்கொண்டார்.

அன்றைக்கு அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. யானை மேல்தான் கோபம்.

மறுபடி கடைக்குப் போனேன். கூச்சப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன் — வார நாளில், ஆபீஸ், ஸ்கூல் எல்லாம் தொடங்கிய பிறகு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் போங்கள். கடை காலியாக இருக்கும். அதே பெண் இருந்தாள். இந்த முறை உள்ளதைச் சொன்னேன்.

"இதை அன்னிக்கே சொல்றதுக்கு என்னக்கா?" என்று கேட்டாள். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி மேல்தட்டைக் குடைய ஆரம்பித்தாள்.

அவளிடம் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பென்சிலில் ஹெச் என்று இருந்தால் முனை கெட்டி, கோடு மங்கல். பி என்று இருந்தால் மெது, கோடு கறுப்பு. பி-க்கு முன்னால் நம்பர் ஏற ஏற இன்னும் மெது. சிக்ஸ் பி என்றால் தொட்டாலே கறுப்பு வரும். கையில் பலம் இல்லாதவர்களுக்கு அதுதான் தோது. இதை பில் தாளின் பின்பக்கம் என்னையே இழுத்துப் பார்க்கச் சொன்னாள். கடையில் இழுத்துப் பார்க்கலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்!

பிரஷ் வாங்கும்போது எல்லோரும் ஒல்லியாகத்தான் எடுப்போமாம். ஒல்லியாக இருந்தால் படம் நுணுக்கமாக வரும் என்று நினைப்பு. தடித்த உருண்டை பிரஷ், நுனி மட்டும் கூராக இருப்பதாகப் பார்த்து ஒன்று எடுத்தால் போதும். பட்டையாகவும் அடிக்கலாம், கோடும் போடலாம். வாட்டர் கலர் பெட்டியில் இருபத்துநான்கு கலர் வேண்டாம். சிவப்பு, மஞ்சள், நீலம், கூட இரண்டு மூன்று — மீதியைக் கலந்துகொள்ளலாம். கலக்குவதற்கு வீட்டில் இருக்கிற வெள்ளைப் பீங்கான் தட்டே போதும். பிளாஸ்டிக் தட்டு எதற்கு?

எல்லாம் அவள் சொன்னபடி வாங்கினேன். பேப்பர் மட்டும் வாங்கவில்லை. கெட்டிப் பேப்பர் கட்டு விலையைக் கேட்டதும், வீட்டில்தான் டிராயிங் நோட்டு இருக்கிறதே என்று சொல்லிவிட்டேன். "பெயின்ட்ல வேணா மிச்சம் புடிங்க, பேப்பர்ல புடிக்காதீங்கக்கா" என்றாள். கேட்டேனா?

வீட்டுக்கு வந்து பென்சில் மேலும் பிரஷ் காம்பு மேலும் ஸ்பாஞ்ச் சுற்றி, மேலே இன்சுலேஷன் டேப் ஒட்டித் தடிமனாக்கினேன். அவர் சிக்ஸ் பி-யை வாங்கி ஒரு கோடு இழுத்தார். கரியாக விழுந்தது. "ஓஹோ" என்றார். ஒரு டேங்க் வரைந்தார். வளைவு, மூடி, ஓரம் எல்லாம் இருந்தது.

நான் சந்தோஷப்பட வேண்டும் அல்லவா? படவில்லை. ஏனென்றால் அத்தனையும் இடது கையில்.

"வலது கையில புடிங்களேன்..."

"எந்தக் கையில வரஞ்சா என்னா, படம்தானே வேணும் உனக்கு?"

"எனக்குப் படம் வேணாம். கை வேணும்."

சட்டென்று வந்துவிட்டது. இவ்வளவு நேராக நான் பேசுவதில்லை. அன்று மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் டிவியோடு மட்டும் உறவாக இருந்தோம்.

ஆனால் கலர் பெட்டியை அவர் விடவில்லை. சாயங்காலம் டேங்க்குக்குச் சிவப்பு அடித்தார், இடது கையால்தான். அங்கேதான் வில்லங்கம் ஆரம்பித்தது. வாட்டர் கலர் கோட்டுக்குள் நிற்கவில்லை. ஈரத்தோடு பரவி வெளியே ஓடியது. காய்ந்ததும் ஓரமெல்லாம் அடர்த்தியாக, நடுவில் வெளிறிப்போய்... நோட்டுத் தாள் தண்ணீர் குடித்து அப்பளம் மாதிரி நெளிந்துகொண்டது.

"வடிஞ்சிருச்சு" என்றார், யாரோ செத்துப்போன செய்தி சொல்வதுபோல.

"வாட்டர் கலர்னா அப்படித்தானாம். பரவுறதுதான் அழகுன்னு கடைப் பொண்ணு சொன்னா."

"அழகா? இப்படி ஒரு டேங்க் லைன்ல வந்தா சூப்பர்வைசர் என்னையக் கூப்பிட்டு அழகு பாப்பாரு!"

யோசித்துப் பாருங்கள். ஆயுசெல்லாம் கலர் ஓடாமல் நிறுத்துவதற்குச் சம்பளம் வாங்கிய மனிதரிடம், ஓடுவதற்கென்றே செய்த கலரைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். ஆள் யார் என்று பார்க்காமல் சாமான் வாங்கினால் இப்படித்தான்.

மறுநாள் காலை மாவு மில்லுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது உள்ளே ஒரு சத்தம். சர்ர்... சர்ர்... சர்ர்...

ஜன்னல் பக்கமாக எட்டிப் பார்த்தேன். பரண் ஓரத்தில் கிடந்த அவருடைய டூல் பை இறங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர். டிராயிங் நோட்டைத் தரையில் விரித்து, உப்புத்தாளைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு, அந்தச் சிவப்பு டேங்க்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார்!

டேங்க்கில் வடிசல் வந்தால் என்ன செய்வார்கள்? ஈர உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். அதைத்தான் செய்கிறார். தகரத்தில் செய்வதைத் தாளில் செய்கிறார். உலகத்தில் எந்த ஓவியராவது வாட்டர் கலர் படத்துக்கு உப்புத்தாள் போட்டிருப்பாரா? ஓசூரில் போடுவார்கள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். அப்புறம்தான் கவனித்தேன்.

நோட்டு நகராமல் இருக்க இடது கை அதை அழுத்திப் பிடித்திருந்தது. அப்படியென்றால் தேய்க்கிற கை?

மடித்த உப்புத்தாள் வலது கையில் இருந்தது. மூன்று விரலுக்கு அடியில் படிந்து, சின்னச் சின்ன வட்டமாக... நான் அந்தக் கம்பெனிக்குக் குடும்ப தினத்துக்குப் போனபோது பார்த்த அதே வட்டம். கொஞ்சம் நடுங்கியது, ஆனால் விடவில்லை. அவர் கையைப் பார்க்கவே இல்லை. கண் முழுக்க அந்த வடிசல் மேல்தான்.

கூப்பிட்டால் நின்றுவிடுமோ என்று பயம். சத்தமில்லாமல் நிற்பது எனக்குக் கைவந்த கலை. எதற்குத்தான் இந்தக் கூச்சம் என்று பல தடவை நொந்திருக்கிறேன். அன்றைக்கு அதற்கு ஓர் உபயோகம் வந்தது.

ஈரமான மெல்லிய தாள் எவ்வளவு நேரம் தாங்கும்? நடுவில் ஓட்டை விழுந்தது.

"சே! என்ன பேப்பர் வாங்கியாந்திருக்கிறா இவ!" என்று நிமிர்ந்தவர் ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டார்.

"ஓட்டையாயிடுச்சு" என்றார், பிடிபட்ட மாதிரி.

"எந்தக் கையிலங்க தேச்சீங்க?"

குனிந்து பார்த்தார். விரலெல்லாம் சிவப்பு, மேலே தாள் துகள். அந்தக் கையை மூடினார், திறந்தார்.

"கழுதை... வேலைன்னா வருது. வெளையாட்டுன்னா வர மாட்டேங்குது."

குரல் சரியாக இல்லை. நான் உள்ளே போய் மாவு டப்பாவை வேண்டுமென்றே சத்தமாக வைத்தேன்.

அதற்குப் பிறகு நாங்கள் தாளை விட்டுவிட்டோம். ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் எங்கள் தெருமுனையிலேயே மரவேலைக் கடை இருக்கிறது. அங்கே அறுத்துப் போட்ட பிளைவுட் துண்டுகள் கேட்டு வாங்கி வந்தேன். கேட்டு வாங்கினேன்! உப்புத்தாள் முரட்டு ரகம், நைஸ் ரகம் இரண்டும் வந்தன. வாட்டர் கலரை ரத்னம்மா பேத்திக்குக் கொடுத்துவிட்டு, மரத்தில் பிடிக்கிற அக்ரிலிக் வாங்கினேன். அது ஓடாது, வைத்த இடத்தில் நிற்கும். கூடவே காம்பு தடித்த, பட்டையான ஒரு பிரஷ்.

அக்ரிலிக் வாங்குகிறவர்கள் ஒன்றை மறக்காதீர்கள். காய்ந்தால் அது பிளாஸ்டிக். அடித்த கையோடு பிரஷைக் கழுவ வேண்டும். அப்புறம் கழுவலாம் என்று நான் ஒருநாள் வெறும் டம்ளரில் போட்டுவிட்டுச் சமையலுக்குப் போனேன். வந்து பார்த்தால் பிரஷ் கரண்டியாகிவிட்டது. தண்ணீரில் முடி கீழாக நிறுத்தவும் கூடாது, நுனி வளைந்துவிடும். இதற்கு நான் வாங்கிய திட்டு தனி.

இப்போது காலையில் டிபன் ஆனதும் பலகையோடு உட்கார்ந்துவிடுகிறார். தேய்க்கிறார். ஈரத்துணியால் துடைக்கிறார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார். மறுபடி தேய்க்கிறார்.

"ஏம் பாவா, தேச்சுத் தேச்சு பலகையைப் பேப்பராக்கிடுவீங்க போல!" என்கிறாள் ரத்னம்மா.

"அந்தப் பேப்பரு நிக்கும்மா. உங்க அக்கா வாங்கினது நிக்கல."

பிசியோதெரபி பெண் போன வாரம் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பரவால்லயே அங்கிள், கிரிப் வருது! என்ன பண்றீங்க வீட்டுல?" என்று கேட்டாள்.

"சர்ஃபேஸ் ப்ரிபரேஷன்" என்றார் இவர், கம்பீரமாக. பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் தேய்க்கிற வேலைக்குக் கம்பெனியில் அதுதான் பேர்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சரி என்று தலையாட்டினாள். அவளும் நம்ம ஜாதிதான் போலிருக்கிறது, கேட்கக் கூச்சம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சட்டைப் பொத்தான் இன்னும் நான்தான் போடுகிறேன். சாப்பாடு ஸ்பூனில்தான். சில நாள் பிரஷ் நழுவி விழும். அன்றைக்குப் பேச்சுக் குறைவாக இருக்கும்.

படம் வரைய ஆரம்பிக்கிறவர்களுக்கு எது நல்ல சாமான் என்று என்னைக் கேட்டால் — பென்சில் மிருதுவாக இருக்கட்டும், பிரஷ் தடியாக இருக்கட்டும், பேப்பர் கெட்டியாக இருக்கட்டும். அதெல்லாம் கடைப் பெண்ணே சொல்லுவாள். ஆனால் எடுக்கச் சொல்லி யாரும் கெஞ்சாமல், கை தானாகப் போய் எடுக்கிறது பாருங்கள், அதுதான் முதல் சாமான். சிலருக்கு அது பென்சில். எங்கள் வீட்டில் அது உப்புத்தாள்.

படம் எங்கே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "பேஸ் கோட்டு மொதல்ல சரியா வரட்டும். அடி சரியில்லாம மேல என்னத்த வரையறது?" என்கிறார். இதுவரை நான்கைந்து பலகை ஆகியிருக்கிறது. ஒவ்வொன்றும் முழுக்க ஒரே கலர், ஒரு திட்டு இல்லை, ஒரு தூசி இல்லை. எதிலும் ஒரு கோடுகூட வரையவில்லை. மாடர்ன் ஆர்ட் என்று சொல்லி விற்றுவிடலாமா என்றுகூட எனக்கு ஒரு யோசனை.

நேற்று ஒரு பச்சைப் பலகை. பால்கனிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். மாமரத்தில் கொழுந்துப் பருவம் தாண்டி ஒரு வாரம் ஆன இலையின் பச்சை. அவ்வளவு வழவழப்பு. காய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள, சும்மா ஒரே ஒரு விரலால் நடுவில் தொட்டேன்.

காயவில்லை.

"ஏய்! அறிவிருக்குதா உனக்கு? வெட் பெயின்ட்ல கை வைப்பாங்களா? இப்ப யாரு இதத் தேக்கறது, உங்கப்பனா?"

எழுந்து வந்து, என் முகத்துக்கு நேரே விரலை நீட்டி நீட்டித் திட்டினார். ஆள்காட்டி விரல், வலது கை. மற்ற விரல்கள் மடங்கியிருக்க, அது மட்டும் ஆணி அடித்த மாதிரி நேராக நின்றது.

எப்போதும் திட்டினால் நான் உள்ளே போய்விடுவேன். நேற்று போகவில்லை. அவர் பார்க்கப் பார்க்க, பலகையில் இன்னும் ஓர் இடத்தில் தொட்டேன்.